“இன்னும் ஒரு வெயிலு காயணும் ஆத்தா!” - நெல் காயவைக்கும் மெஷின், அப்பத்தாவிடம் கற்கவேண்டிய பாடம்

*பட்டன், ஸ்க்ரீன், சென்சார் எல்லாம் இருந்தும் பல உலர்த்தும் இயந்திரங்கள் மூலையில் கிடப்பது ஏன்? பரமக்குடி களத்திலிருந்து ஒரு பார்வை.*

தை பிறந்துவிட்டால், பரமக்குடியைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் தரை தெரியாது. களத்தில் நெல், கோயில் திடலில் நெல், ரோட்டோரத்தில் நெல். புரட்டாசியில் புழுதி விதைப்பாகத் தூவி, வானத்தை மட்டுமே நம்பி வளர்த்த பயிர், மெஷின் அறுவடை முடிந்து டிராக்டரில் வந்து கொட்டிக் கிடக்கும். இனி அதைக் காயவைக்க வேண்டும்.

வீட்டின் பெரிய மனுஷி, வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே போவார். திரும்பி வரும்போது குனிந்து, நாலு நெல்லை எடுத்து, ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார்.

“அப்பத்தா, காஞ்சிருச்சா?”

“இன்னும் ஒரு வெயிலு காயணும் ஆத்தா!”

இந்தப் பக்கத்துக் களங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது. பல்லில் வைத்ததும் நெல் ‘கடக்’ என்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பிசைந்ததுபோல நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்பத்தாவின் கையில் மானி கிடையாது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் அரிசியைக் காப்பாற்றியது அந்தக் கடிதான்.

சிக்கல் என்னவென்றால், அப்பத்தா கேட்கும் அந்த ‘இன்னும் ஒரு வெயில்’ கிடைக்குமா என்பதை இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2021 ஜனவரியை இந்தப் பக்கத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். பொங்கல் நேரத்தில், அறுவடைக்குத் தயாராக நின்ற பயிரின் மீது மழை கொட்டியது. கதிரிலேயே நெல் முளைத்தது. அறுத்த நெல்லைக் காயவைக்க இடமில்லை. வெயிலை நம்பியே பழகிய மாவட்டத்தில், வெயில் இல்லாத நாளுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. நெல் உலர்த்தும் இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாக உலகில் இருக்கின்றன. ‘தானாகவே இயங்கும்’ வகைகளும் உண்டு. ஆனால், அவற்றை யாருக்காக, எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நெல்லுக்குள் ஆறு குடம் தண்ணீர்

அறுவடையின்போது நெல்லில் பொதுவாக 20 முதல் 25 சதவிகிதம் ஈரம் இருக்கும். சில மாதங்கள் பூச்சி, பூஞ்சணம் இல்லாமல் வைத்திருக்க வேண்டுமென்றால், அது 14 சதவிகிதத்துக்கு இறங்க வேண்டும். விதை நெல் என்றால் 12 - 13. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விற்க, 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு 1,500 கிலோ நெல் வந்திருக்கிறது, ஈரப்பதம் 22 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். அதை 17-க்குக் கொண்டுவந்தால், எடை சுமார் 1,410 கிலோவாகக் குறையும். மீதி 90 கிலோ? அது முழுக்கத் தண்ணீர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் ஆறு குடம்! ஒரு குடம் தண்ணீருக்காகப் பெண்கள் பல மைல் நடந்த ராமநாதபுரம் சீமையில், நெல்லுக்குள்ளிருந்து ஆறு குடம் தண்ணீரை வெளியே எடுப்பதுதான் தை மாதத்தின் பெரிய வேலை.

வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. நெல்லும் உயிருள்ள பொருள், அது மூச்சு விடும். ஈரமாகக் குவித்துவைத்தால் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பார்த்தால் சுடும். பிறகு அரிசி மஞ்சளாகும், பூஞ்சணம் பிடிக்கும், முளைப்புத்திறன் போகும். அறுத்த 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான விதி.

சரி, பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே காயவைத்துவிட்டால்? அங்கும் நஷ்டம்தான். அதே 1,500 கிலோவை 17-க்குப் பதிலாக 13 வரை காயவிட்டால், எடை 1,345 கிலோவுக்கு வந்துவிடும். 65 கிலோ போச்சு. 2025-26 பருவத்தில் தமிழக அரசு பொது ரக நெல்லுக்குக் கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்படியென்றால், சுமார் 1,600 ரூபாய் காற்றோடு போய்விட்டது. இது தவிர, கடும் வெயிலில் வேகமாகக் காய்ந்த நெல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மில்லில் போட்டால் முழு அரிசி குறைந்து, குருணை அதிகமாகும்.

குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம். சரியான இடத்தில் நிறுத்துவதுதான் சாமர்த்தியம். உலர்த்துவதில் தானியங்கி தொழில்நுட்பம் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான்.

‘17’ என்கிற எண்ணின் பின்னால்...

கொள்முதல் நிலையத்தில் ஊழியர் ஈரப்பத மானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்ப்பார். 17-க்குள் வந்தால் மூட்டை எடைமேடைக்குப் போகும். தாண்டினால், அங்கேயே கொட்டிக் காயவைக்க வேண்டும். அந்த நேரத்தில் மழை வந்தால், விவசாயி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். செய்திச் சேனல்களில் ஆண்டுதோறும் நாம் பார்க்கும் காட்சி.

மழைக்காலங்களில் இந்த வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும். குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வகத்தில் பரிசோதிக்கும், பிறகு உத்தரவு வரும். 2022 அக்டோபரில் அப்படித்தான் 19 சதவிகிதம் வரை அனுமதி கிடைத்தது. ஆனால், உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்காது. அது களத்தில் கிடந்து சூடேறிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பிரச்னைக்குத் தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டு தாண்டிய வரலாறு உண்டு. காவிரி டெல்டாவில் குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்து, ஈர நெல் குவியல் குவியலாக வீணானது. அதற்குத் தீர்வு தேடி 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர் வி.சுப்ரமணியன். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவர்தான். ஈர நெல்லைத் தற்காலிகமாகக் காப்பாற்ற அங்கே முயன்றுபார்த்த வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? சாதாரண சமையல் உப்பு! உப்பு கலந்தால் அது நெல்லின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், முளைப்பதும் கெடுவதும் தள்ளிப்போகும். எந்த மெஷினும் இல்லாமல், எந்த வீட்டிலும் செய்யக்கூடிய யோசனை.

அந்தச் சின்ன ஆய்வுக்கூடம்தான் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு வந்து, இன்று ‘நிஃப்டம் - தஞ்சாவூர்’ என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது. பரமக்குடிக்கும் இதில் பங்குண்டு. இங்கிருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், ‘பி.எம்.கே’ என்று ஊர்ப் பெயரையே சுமக்கும் மானாவாரி நெல் ரகங்களைக் கொடுத்தது. 2009-ல் வெளிவந்த ‘அண்ணா (ஆர்) 4’ ரகமும் இங்கே பிறந்ததுதான். வறட்சியைத் தாங்கி நூறு நாளில் விளையும் நெல்லுக்கு விஞ்ஞானம் வழி கண்டுபிடித்துவிட்டது. விளைந்த நெல்லைக் காயவைக்கும் வேலை மட்டும் இன்னும் அப்பத்தாவின் காலில்தான் நடக்கிறது.

மெஷின் வந்தது... மக்கள் ரோட்டுக்கே போனார்கள்!

மெஷினைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? ஃபிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவம் ‘இல்லை’ என்கிறது. அங்கே அரசு மானியத்தில் பல இடங்களில் உலர்த்தும் இயந்திரங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல சும்மா கிடந்தன. விவசாயிகள் நெடுஞ்சாலையிலேயே நெல்லைக் காயவைத்தார்கள்.

காரணங்கள் எளிமையானவை. இயந்திரம் பெரியது, ஒரு சிறு விவசாயியின் நெல் அதை நிரப்பாது. நாலு பேர் நெல்லைச் சேர்த்துப் போட்டால் ரகம் கலந்துவிடும். எரிபொருளுக்குக் காசு வேண்டும், வெயிலோ இலவசம். பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆள் இல்லை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் கதை வேறு மாதிரி போனது. 1980-களின் தொடக்கத்திலிருந்து நோங் லாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், ‘தட்டைப் படுக்கை’ உலர்த்திகளை அங்கே பரப்பினார்கள். அமைப்பு ரொம்ப எளிது. செங்கல்லில் கட்டிய ஒரு பெரிய தொட்டி, அதன் மேல் சல்லடைத் தளம், தளத்தின் மேல் சுமார் ஓரடி உயரத்துக்கு நெல். கீழிருந்து ஒரு பெரிய ஃபேன் வெதுவெதுப்பான காற்றை ஊதும். எரிபொருள் உமி. உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம், பழுதும் பார்த்துவிடலாம். முக்கியமாக, எல்லா விவசாயியும் மெஷின் வாங்கவில்லை. ஊரில் ஒருவர் வைத்திருப்பார், மற்றவர்கள் கூலி கொடுத்துக் காயவைத்துக்கொள்வார்கள், நாம் மாவு மில்லுக்குப் போவதைப்போல.

ஆனால், இந்த உலர்த்தியில் ஒரு குறை இருந்தது. கீழ் அடுக்கு நெல் முதலில் காய்ந்துவிடும், மேல் அடுக்கு ஈரமாகவே இருக்கும். நடுவில் ஆட்களை இறக்கி மண்வெட்டியால் புரட்ட வேண்டும். சூட்டிலும் தூசியிலும் அது பெரும்பாடு. அதற்கு அவர்கள் ரோபோ செய்யவில்லை. காற்றின் திசையை மாற்றினார்கள். முதலில் கீழிருந்து மேலே, பிறகு மேலிருந்து கீழே. புரட்டும் வேலையே இல்லாமல் போனது. ஒரு மனிதரின் எந்தக் கஷ்டத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுச் செய்த மாற்றம் அது.

மெஷினுக்கு அப்பத்தா வைக்கும் பரீட்சை

பரமக்குடிக் களத்துக்கு ஒரு தானியங்கி உலர்த்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மூலையில் கிடக்காமல் இருக்க என்னென்ன வேண்டும்?

1. ஒரே ஒரு கேள்வி: மெஷினை ஆன் செய்ததும் வெப்பநிலை, காற்றின் வேகம், இலக்கு ஈரப்பதம் என்று பத்து விஷயம் கேட்டால், பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். கேட்கவேண்டியது ஒன்றுதான். ‘இந்த நெல் எதற்கு?’ விற்கவா, சாப்பாட்டுக்கு வைக்கவா, விதைக்கா? படம் போட்ட மூன்று பட்டன் போதும். 17, 14, 12 என்ற எண்களை மெஷின் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். ‘விதை’ பட்டனை அழுத்தினால், காற்றின் சூடு 43 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் அதுவே பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் விதையின் உயிர் போய்விடும்.

2. எண் வேண்டாம், நேரம் சொல்லு: ‘ஈரப்பதம் 19.6’ என்று காட்டினால், அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ‘இன்னும் இரண்டு மணி நேரம்’ என்று தமிழில் குரல் கொடுத்தால், அதற்குள் சோறு வடித்துவிட்டு வரலாம். அப்பத்தாவும் சதவிகிதம் சொல்வதில்லையே... ‘இன்னும் ஒரு வெயில்’ என்றுதானே சொல்கிறார்!

3. போன் யார் கையில்? ‘மொபைல் ஆப் இருக்கு, அதுல நோட்டிஃபிகேஷன் வரும்’ என்பது வடிவமைப்பாளருக்குச் சுலபமான பதில். ஆனால், பல வீடுகளில் ஸ்மார்ட்போன் திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். களத்தில் நிற்பது அம்மாவும் மதினியும். எனவே, களத்திலேயே தெரியும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கும், ஒரு மணிச்சத்தமும், சாதாரண பட்டன் போனுக்கு வரும் அழைப்பும்தான் முதலில் வேண்டும். ஆப் அதன் பிறகு.

4. கரன்ட் போனால்? இரவில் மின்சாரம் போய், ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. மெஷின் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடங்க வேண்டும். அதிலும் ஒரு ஒழுங்கு முக்கியம். முதலில் ஃபேன், பிறகுதான் சூடு. ஃபேன் நின்றிருக்கும்போது அடுப்பு மட்டும் எரிந்தால் நெல் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். மனிதர் மறந்தாலும் மெஷின் மறக்கக் கூடாத விஷயம் இது.

5. ராத்திரிக் காற்றை நம்பாதே: இது கடலோர மாவட்டம். பகலில் வறண்டு வீசும் காற்று, இரவில் ஈரம் சுமந்து வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதம் அளவில் இருந்தால், நெல் 14 சதவிகிதத்துக்குக் கீழே இறங்காது. அதையும் தாண்டினால், சூடில்லாமல் ஃபேனை மட்டும் ஓட்டும்போது காய்ந்த நெல் மறுபடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாயங்காலமானதும் அப்பத்தா நெல்லைக் கூட்டிக் குவித்து மூடிவைப்பது இதற்காகத்தான். வெளிக்காற்றை அளந்து, ‘இப்போ ஊதினா நஷ்டம்’ என்று தானாக ஃபேனை நிறுத்தத் தெரிந்த மெஷின்தான் புத்திசாலி மெஷின்.

6. கடித்துப் பார்க்க ஒரு ஜன்னல்: மெஷின் ‘முடிந்தது’ என்று சொன்னால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்க்க, கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு வேண்டும். அப்பத்தா கடித்துப் பார்த்து, ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லட்டும். நாலைந்து முறை இருவர் சொல்வதும் ஒத்துப்போனால், ஐந்தாவது முறை அவரே மெஷினை நம்புவார். ஒத்துப்போகவில்லை என்றால் நிறுத்தவோ தொடரவோ ஒரு பெரிய பட்டன் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமை நெல்லுக்குச் சொந்தக்காரரிடம்தான் இருக்க வேண்டும்.

7. சென்சாரும் ஏமாறும்: இது பலருக்குத் தெரியாத விஷயம். சூடாக வெளியே வரும் நெல்லின் மேற்பரப்பு காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் பாக்கியிருக்கும். அப்போது மானியில் போட்டால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் எண் ஏறியிருக்கும். வீட்டில் 17 காட்டிய நெல், கொள்முதல் நிலையத்தில் 18 காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘ஆறட்டும், பிறகு அளக்கலாம்’ என்று மெஷினே பொறுமை சொல்லித்தர வேண்டும். ஒரே இடத்தில் அளந்தாலும் போதாது. அடியில், நடுவில், மேலே என்று பல இடங்களில் அளந்து, எங்கே ஈரம் அதிகமோ அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

8. ஸ்பேர் எங்கே கிடைக்கும்? தூசி, உமித்தூள், எலி. களத்தின் மூன்று நிரந்தர விருந்தாளிகள் இவர்கள்தான். ஒயரை எலி கடித்தால், பரமக்குடி கடைத்தெருவிலோ, அதிகபட்சம் மதுரையிலோ மாற்று கிடைக்க வேண்டும். எலெக்ட்ரானிக் பலகை செத்துப்போனாலும், ஃபேனையும் அடுப்பையும் கையால் இயக்கி அன்றைய நெல்லைக் காப்பாற்ற வழி இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் ‘கம்பெனி ஆள் வியாழக்கிழமை வருவார்’ என்பது பதிலே அல்ல.

வெயிலும் கருவேலமும் இருக்கும் ஊர்

எரிபொருளுக்கு எங்கே போவது? 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்ட கமுதி, இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இடம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகமும் ‘கிரெயின்ப்ரோ’ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ‘சோலார் பபுள் டிரையர்’ இந்த மாதிரி ஊர்களுக்காகவே யோசித்தது போலிருக்கும். அடியில் கறுப்பு விரிப்பு, மேலே கண்ணாடிபோல ஒளி புகும் உறை. சிறிய சோலார் பேனலில் ஓடும் ஃபேன் காற்றை ஊத, அது பலூன்போல உப்பி நிற்கும். உள்ளே நெல் காயும். மழை வந்தாலும் நெல் நனையாது, அள்ளிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. வேலை முடிந்தால் சுருட்டி எடுத்துவைத்துவிடலாம். இன்னொரு பக்கம், தமிழக வேளாண் பொறியியல் துறை பாலிகார்பனேட் தகடு வேய்ந்த சூரியக் கூடார உலர்த்திகளுக்கு 40 சதவிகித மானியம் கொடுத்துவந்திருக்கிறது.

தொடர்ந்து மூன்று நாள் வானம் மூடிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கும் இந்த மண்ணில் ஒரு பதில் கிடக்கிறது. சீமைக்கருவேலம்! விளைநிலத்தை விழுங்கிய அந்த முள்மரத்தை வெட்டிக் கரி சுடுவதும் விறகாக விற்பதும் இந்த மாவட்டத்தில் பலருக்குப் பிழைப்பு. அந்த விறகும் அரிசி மில் உமியும் உலர்த்தி அடுப்பை எரிக்கும். ஒரே ஒரு கவனம், புகை நெல்லில் படக் கூடாது. சூடான குழாய்களைச் சுற்றிவரும் சுத்தமான காற்று மட்டுமே உள்ளே போக வேண்டும். பகலில் வெயில், மழையில் விறகு. எது எப்போது என்று மாற்றிவிடும் வேலையை மெஷினிடம் ஒப்படைக்கலாம்.

அடுத்த கேள்வி, நெல் காய்வது தையிலும் மாசியிலும்தான். மற்ற மாதங்களில் மெஷின் சும்மா கிடந்தால் போட்ட காசு எப்படித் திரும்பும்? ராமநாதபுரத்துக்கு இது கேள்வியே இல்லை. நெல்லைத் தொடர்ந்து மிளகாய் வரும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும் களத்தில் மண்ணோடும் தூசியோடும் காய்வதுதான் வழக்கம். காய்கிற நேரத்தில் ஒரு மழை விழுந்தால் நிறம் வெளுத்து, பூஞ்சணம் பிடித்து, விலை பாதியாகும். குதிரைவாலி போன்ற சிறுதானியங்களும் உண்டு. நெல், மிளகாய், குதிரைவாலி மூன்றுக்கும் தனித்தனி பட்டன் இருக்கும் உலர்த்தி ஒன்று, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ மகளிர் குழுவிடமோ இருந்தால், வருடத்தில் பல மாதம் அதற்கு வேலை இருக்கும். வியட்நாம்போல, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கலாம்.

அந்தக் கூலிக் கணக்கும் வெளிப்படையாக இருக்க வேண்டும். போடும்போது எவ்வளவு எடை, எவ்வளவு ஈரம், எடுக்கும்போது எவ்வளவு என்று ஒரு சின்னச் சீட்டு அச்சாகி வந்தால், ‘என் நெல்லுல ரெண்டு மரக்கா குறையுதே’ என்ற சண்டைக்கே இடமில்லை. குறைந்தது தண்ணீர்தான் என்று சீட்டே சொல்லிவிடும்.

மெஷின் வரும்வரை... களத்தில் கவனிக்க!

* நெல்லை 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அதைவிட மெல்லிசாகப் பரப்பினால் சூடு ஏறி, அரிசியில் கீறல் விழும். தடிமனாகப் பரப்பினால் அடியில் ஈரம் தங்கும்.
* அரை மணி நேரத்துக்கு ஒருமுறை துழாவிவிடுங்கள்.
* உச்சி வெயிலில் நெல் கை பொறுக்காத சூடானால், கூட்டிவைத்து மூடிவிட்டு, வெயில் தணிந்ததும் மறுபடி பரப்புங்கள்.
* தார் ரோட்டைத் தவிர்த்து, தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள். கல், தூசி கலக்காது. இரவில் ரோட்டில் கிடக்கும் நெல் குவியலால் பைக்கில் வருபவர்கள் உயிரிழந்த விபத்துகளும் உண்டு.
* சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்து மூடிவிடுங்கள்.
* விற்கப்போகும் முன், நன்றாக ஆறிய நெல்லில் ஈரம் பாருங்கள். மூட்டையின் மேலிருந்து மட்டும் எடுக்காமல், அடியிலிருந்தும் ஒரு பிடி எடுங்கள்.
* விதை நெல்லைத் தனியாகக் காயவையுங்கள். ஈரப்பதம் ஒரு சதவிகிதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை விஞ்ஞானத்தின் பழைய கணக்கு.

யாருடைய முதுகு நிமிரும்?

விவசாய மெஷின் என்றதும் டிராக்டர், அறுவடை இயந்திரம் என்று வரிசையாகச் சொல்வோம். இரண்டும் பெரும்பாலும் ஆண்கள் செய்துவந்த அல்லது கூலிக்கு ஆள் வைத்துச் செய்த வேலைகளைக் குறைத்தன. காயவைப்பது, துழாவுவது, கூட்டுவது, மழைக்கு அள்ளுவது... இவை வீட்டுப் பெண்களின் கணக்கில், கூலியே எழுதப்படாத வேலைகளாக இருந்ததால்தானோ என்னவோ, மெஷின் இங்கே வந்துசேர இவ்வளவு காலம் ஆகிறது.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு இந்தச் சுமை இன்னும் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு கையால் அறுத்து, கட்டு கட்டி, களத்தில் போட்டு அடிப்பதற்குள் கதிரிலேயே கொஞ்சம் ஈரம் இறங்கிவிடும். இப்போது ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் நெல் ஈரத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறது. அறுப்பது வேகமாகிவிட்டது. காயவைப்பது மட்டும் அதே வெயில், அதே வெறுங்கால்.

அதனால், இந்த மெஷினை வரைகிற இன்ஜினீயரிங் மாணவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன்பு, தை மாதத்தில் ஒரு நாள் பரமக்குடி பக்கத்துக் களம் ஒன்றில் நின்றுபார்ப்பது நல்லது. எந்த நேரத்தில் நெல்லைக் கூட்டுகிறார்கள், எங்கிருந்து மாதிரி எடுக்கிறார்கள், வானத்தின் எந்த மூலையைப் பார்க்கிறார்கள், எப்போது கடித்துப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால், மென்பொருளின் பாதி அங்கேயே எழுதப்பட்டிருப்பது தெரியும்.

அந்த மெஷின் வரும் நாளில், அப்பத்தா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மணி அடிக்கும். பச்சை விளக்கு எரியும். அப்போதும் அவர் எழுந்துபோய், சின்னக் கதவைத் திறந்து, ஒரு நெல்லை எடுத்துக் கடித்துத்தான் பார்ப்பார்.

‘கடக்’ என்று சத்தம் கேட்டால் மெஷின் பாஸ்!